உள்தாழ்ப்பாள்

அவன் பெயரில் இந்த ஊருக்குள் நாலைந்து பேர் இருந்தோம். நான் அதில் ஒருவன்.

அவனை நாங்கள் கார்டு என்றுதான் சொல்வோம். நேரில் மச்சான், முதுகுக்குப் பின்னால் கார்டு. இந்த நாட்டில் தங்குவதற்கு அரசாங்கம் கொடுக்கும் அட்டை எங்கள் ஆட்களில் அவனிடம் மட்டும்தான் இருந்தது. அது இல்லாதவனுக்கு வீடு கொடுத்தால் கொடுத்தவருக்கும் தண்டனை. அதனால் எந்த வீட்டுக்காரரும் பெயரைக் கேட்பதில்லை, கார்டைத்தான் கேட்பார்கள். இல்லை என்று நாம் வாயைத் திறப்பதற்குள் கதவு சாத்தியிருக்கும். கதவுக்கு வெளியே நின்று பேசப் பழகியவர்கள் நாங்கள்.

கார்டு எங்கள் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். எனக்கு மச்சான் முறை, என் அக்காவுக்கு அத்தான் முறை. வீடு பிடித்துக் கொடுத்து, குடியிருப்பவர்களிடம் மாதா மாதம் தன் பங்கை வாங்கிக்கொள்வதுதான் அவன் பிழைப்பு. பிடிப்பதற்கு அவன் போகமாட்டான். எவன் குடியிருக்கப்போகிறானோ அவனையே தன் கார்டைக் கொடுத்து அனுப்புவான்.

"நான் போய் எடுத்து நீ போய் இருந்தா சந்தேகம் வரும் மாப்ள. எடுத்தவனே இருந்தா எவன் கேப்பான்?" என்பான். "போட்டோ பழசு. மீசை மட்டும் அதுல இருக்கற மாதிரி வெச்சுக்க. அவங்க கண்ணுக்கு நாமெல்லாம் ஒரே மூஞ்சிதான்."

இதை யாரும் சொல்லித்தராமல் தானே கண்டுபிடித்ததாக அவனுக்கு ஒரே பெருமை.

நானும் அப்படித்தான் போனேன். கார்டை என் கையில் வைத்து, "ஒரு நாளைக்குத் தர்றேன். சாயங்காலம் கொண்டாந்து குடுத்துடணும். கண்ணு மாதிரி பாத்துக்க" என்றான். வீட்டுக்காரம்மா கீழ்த்தளத்தில் நூல், பொத்தான், ஜிப்பு விற்கும் கடை வைத்திருந்தாள். கடையின் பக்கவாட்டுக் கதவு மாடிப்படிக்குத் திறக்கும். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கார்டைப் பார்த்தாள்.

"போட்டோல நல்லாத்தானே இருந்திருக்க?"

"நைட் ஷிப்ட்மா."

அதோடு முடிந்தது. அன்றிலிருந்து அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், நான் திரும்பிப் பார்ப்பேன். கொஞ்ச நாளில் என் சொந்தப் பெயரை யாராவது கூப்பிட்டால்தான் யாரோ என்று இருந்தது.

வீடு இரண்டாவது மாடி. ஒரு அறை, அதை ஒட்டி நடைபாதை அகலத்தில் ஒரு சமையலறை, அதன் கோடியில் குளியலறை. கட்டில் ஒன்று. பகலில் நான் படுப்பேன், இரவில் எங்களோடு தங்கியிருந்த பெயிண்டர் படுப்பான். வீட்டுக்காரம்மாவுக்கு அவன் என் தம்பி. நான் ஓட்டல் துணிகள் வெளுக்கும் ஆலையில் வேலை செய்தேன். ஈர விரிப்புகளை ஆவி உருளைக்குள் மடிப்பில்லாமல் கொடுக்க வேண்டும். ஊரில் யார் யாரோ படுக்கிற விரிப்பெல்லாம் மொடமொடவென்று என் கையால் வெளியே வரும். காலையில் வந்து பெயிண்டரின் முதுகுச் சூடு ஆறாத மெத்தையில் விழுவேன்.

"இந்த வீட்ல ஓவர்டைம் பாக்குறது கட்டில் ஒண்ணுதான்" என்பான் பெயிண்டர்.

அக்கா சமையலறையில் பாய் விரித்துக்கொள்வாள். அவள் புருஷன் எங்கே என்று கேட்காதீர்கள், அவளே கேட்பதை விட்டுவிட்டாள். மீன் வெட்டும் கொட்டகையில் அவளுக்கு வேலை. விடியுமுன் போய் மதியம் வருவாள். முடியில், புருவத்தில், காது மடிப்பில் எல்லாம் செதில் ஒட்டியிருக்கும். வந்ததும் சாப்பாடு கிடையாது, பேச்சு கிடையாது, நேராகக் குளியலறை. நாற்றம் போகிறவரை ஊற்றிக்கொண்டே இருப்பாள். அவளுக்கென்று இந்த ஊரில் இருந்தது அந்த ஒரு குளியல்தான்.

கார்டிடம் ஒரு சாவி இருந்தது. நினைத்தபோது வருவான். கொஞ்ச நாளில் அவனுக்கு மதியம் மட்டும்தான் நினைப்பு வந்தது. பெயிண்டர் வேலைக்குப் போயிருப்பான், நான் பிணம் மாதிரித் தூங்கிக்கொண்டிருப்பேன். சமையலறையில் முக்காலியை இழுத்துப் போட்டுக் குளியலறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வான். தண்ணீரில் ஊறி உப்பிய கதவு. முழுதாகச் சாத்தாது, தாழ்ப்பாளும் கிடையாது.

அக்கா கடைத்தெருவில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தாள். பெயிண்டர் கதவின் ஓரத்தைச் சீவி அதை உள்பக்கம் மாட்டிக்கொடுத்தான். அதன் பிறகு கார்டு வந்தால் குளியலறைக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்கும். அக்கா பாடி நான் கேட்டது அப்போதுதான்.

ஒரு நாள் மதியம் சத்தம் கேட்டு எழுந்தேன். தரையெல்லாம் தண்ணீர். கார்டு சட்டை நனைந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிளாஸ்டிக் மக்கு அவன் காலடியில் உடைந்து கிடந்தது. குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள். அவள் வேலைக்குப் போயிருந்தபோது, நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, வந்து கழற்றியிருக்கிறான். அவள் வாளியை முட்டுக் கொடுத்துவிட்டுக் குளித்திருக்கிறாள். இவன் திரும்பி வந்து கதவைத் தள்ளியிருக்கிறான்.

"முறைப்பொண்ணுகிட்ட விளையாடக் கூடாதா? என்ன பெரிய கொலைக் குத்தம்?" என்றான் என்னிடம்.

"எட்டிப் பாக்குற நாய்க்கு முறை என்னடா முறை?" என்றாள் அக்கா உள்ளிருந்து.

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் பதறவில்லை.

"கையை எடு. என் வீட்ல எனக்கு எதுக்குடா தாழ்ப்பாள்? ஞாயித்துக்கிழமைக்குள்ள அக்காவும் தம்பியும் காலி பண்ணிடுங்க. எனக்கு வேற ஆள் ரெடியா இருக்கு."

"காலி பண்ணலன்னா?"

"போலீசுக்குப் போயேன். தாராளமாப் போ. மொதல்ல கார்டை எடுன்னுவான். என்னத்த எடுப்ப?"

சிரித்தான். எங்கள் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தான். நான் கையை எடுத்தேன். அவன் செய்தது போகட்டும், நான் கையை எடுத்ததுதான் எனக்குள் ஆறவே இல்லை.

அக்கா ஈரத்துணியோடு வந்து தரையை வழித்தாள். அழவில்லை. "அவனை ஏதாவது செய்யறதா இருந்தா எனக்கும் சொல்லிட்டுச் செய். என் கத்தி மீனுக்கு மட்டும்தான்னு எங்கேயும் எழுதி வெக்கல" என்றாள்.

பெயிண்டர் வந்ததும் குதித்தான். "சந்துல மடக்கி நாலு சாத்து சாத்தினா அடங்கிடுவான்ணே."

"அடி ஆறிடும்டா" என்றேன்.

ஆறாத ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. வேறு வீடு தேடலாம் என்ற பேச்சே இல்லை. கார்டு இல்லாமல் எந்தக் கதவைத் தட்டுவது? விரிப்புகளை உருளைக்குள் கொடுத்துக்கொண்டே யோசித்தேன். அந்த வேலையில் கைக்குத்தான் வேலை, தலை சும்மா இருக்கும். அவன் வீடு என்கிறான். யார் சொன்னது? வீட்டுக்காரம்மா அவனை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அவளைப் பொறுத்தவரை அந்தப் பெயர் என்றால் நான். மாதா மாதம் வாடகையைக் கையில் கொடுப்பது நான், குழாய் ஒழுகினால் போய்ச் சொல்வது நான், அவள் கடைக்கு மூட்டை வந்தால் தூக்கி வைப்பது நான். தன் பெயரைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டு அவன் வெறும் உடம்போடு திரிகிறான். அது அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் தூங்காமல் கடைக்குப் போனேன்.

"அம்மா, என் கார்டு திருடு போயிடுச்சு."

அவள் பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "எப்படி?"

"சொந்தக்காரன் ஒருத்தன்மா. தங்கட்டும்னு விட்டேன். கார்டையும் சாவியையும் எடுத்துட்டுப் போயிட்டான். நாங்க இல்லாதப்ப வீட்டுக்குள்ள வர்றான். நேத்து அக்கா குளிக்கறப்ப கதவைத் தள்ளியிருக்கான்."

"போலீசுக்குப் போகலையா நீ?"

"குடும்ப மானம்மா. அக்கா பேரு அடிபடும்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து ஒரு தகர டப்பாவைக் கொட்டி, பழைய பித்தளைத் தாழ்ப்பாள் இரண்டைத் தேடி எடுத்தாள்.

"பொம்பள இருக்கற வீட்ல தாழ்ப்பாள் இல்லாம எப்படிப்பா இருந்தீங்க? ஒண்ணு குளிக்கற ரூமுக்கு. இன்னொண்ணு வாசக்கதவுக்கு, உள்பக்கமா போடு. பூட்டுக்காரனை நான் வரச் சொல்றேன்."

பூட்டு மாறியது. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, வீட்டுக்காரம்மா கீழே இருந்தாள். பெயிண்டருக்கு லீவு. அக்காவும் இருந்தாள். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

கார்டு வந்தான். புது ஆட்களைத் தெருமுனையில் பெட்டியோடு நிறுத்திவிட்டு வந்திருந்தான். சாவியைப் போட்டான். திருகினான். எடுத்து ஊதிவிட்டு மறுபடி போட்டான்.

"டேய், கதவைத் தொற."

நாங்கள் திறக்கவில்லை. தட்டினான். இடித்தான். பெயிண்டர் தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு குலுங்கினான். எனக்கு வேண்டியது அதுதான், இன்னும் இடிக்கட்டும். என் காது படிக்கட்டில் இருந்தது. வீட்டுக்காரம்மாவுக்கு முட்டிவலி. ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். வந்து சேரட்டும் என்று இருந்தேன்.

"யாருப்பா நீ? கதவை உடைச்சிடுவ போலிருக்கே."

"நீங்க யாரு?"

"வீட்டுக்காரி."

அவன் யோசிப்பது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அவனுக்குத் தெரிந்த ஆயுதம் ஒன்றே ஒன்றுதான்.

"அம்மா, இது நான் வாடகைக்கு எடுத்த வீடு. உள்ள இருக்கறவன் உங்களை ஏமாத்துறான். இந்தாங்க, கார்டைப் பாருங்க."

நான் கதவைத் திறந்தேன். அவள் கண்ணாடியை மாட்டியிருந்தாள். கார்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போட்டோவில் இருந்தது ஒடிசலான முகமும் மீசையும். அவன் மீசையை எடுத்து நாளாகியிருந்தது. கன்னம் எங்கள் காசில் நன்றாக உப்பியிருந்தது.

என்னைப் பார்த்து அவன் பெயரைச் சொன்னாள். "உன் கார்டுதானே இது?"

"ஆமாம்மா."

"அடப்பாவி! திருடினதையே என்கிட்ட நீட்டி நியாயம் கேக்குறியா?" என்று அவன் பக்கம் திரும்பினாள். பிறகு கார்டை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினாள். "பத்திரமா வெச்சுக்க. நான் போலீசைக் கூப்பிடறேன்."

போலீஸ் வந்தால் முதலில் மாட்டுவது நான், பின்னால் அக்கா, அடுத்து பெயிண்டர். பெயிண்டரின் சிரிப்பு அடங்கியிருந்தது. ஆனால் நாங்கள் இழப்பதற்கு இந்த வீட்டுக்குள் ஒரு கட்டிலும் ஒரு வாளியும்தான். அவனுக்கு நிறைய இருந்தது. அவனையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"கூப்பிடுங்கம்மா. வந்து விசாரிக்கட்டும். இவன் இன்னும் எந்தெந்த வீட்ல என் பேரைச் சொல்லி ஆள் வெச்சிருக்கான்னு தெரியட்டும்."

அவன் முகத்தில் அது இறங்குவதைப் பார்த்தேன். கார்டு வைத்திருக்கிறவன் கார்டு இல்லாதவர்களை வீடு வீடாக அடைத்து வைத்திருந்தால் கார்டும் போகும், அவனும் போவான். இத்தனை வருஷம் எங்களுக்கு அவன் காட்டிய பூச்சாண்டி இப்போது அவனையே பார்த்துக்கொண்டு நின்றது.

"போலீஸ் வேணாம்மா" என்றான்.

"ஏன் வேணாம்? உன் கார்டுதான்னு சொன்னியே? உன் பேரா இது?"

"இல்ல."

"என்ன இல்ல?"

"அது என் பேரு இல்லம்மா."

"சத்தமா" என்றேன் நான்.

"நான் அவன் இல்ல. என்னை விட்டுடுங்க."

வீட்டுக்காரம்மா அதோடு விடவில்லை. அக்காவை முன்னால் வரச்சொன்னாள். "இந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளு." அவன் கையைக் கூப்பினான். அக்கா அவன் கையைப் பார்க்கவில்லை. அவன் நெற்றியில் மக்கு பட்ட இடத்தை, வேலை சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"சட்டைப் பையில என்ன கனமா இருக்கு? என் தாழ்ப்பாளா?" என்றாள்.

அவன் படியிறங்கிப் போனான். தெருமுனையில் நின்றவர்களிடம் என்ன சொன்னான் என்று தெரியாது. நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். பெரிய ரோட்டுப் பக்கம் நாலடி வைத்தான். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். நின்றான். பிறகு திரும்பிச் சந்துக்குள் போனான்.

கார்டைத் திருப்பிக் கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. தொலைந்துவிட்டது என்று அவன் எழுதிக் கொடுத்துப் புதிதாக வாங்கலாம். ஆனால் பதிவில் இருக்கும் விலாசத்துக்கு ஆள் வந்து நேரில் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். எல்லா விலாசத்திலும் அவன் பெயரில் வேறொருவன் இருக்கிறான். எல்லா வீட்டுக்காரரும் அந்த வேறொருவனைத்தான் கையைக் காட்டுவார்கள்.

மற்ற வீடுகளுக்கும் பெயிண்டரை அனுப்பினேன். முடிவெட்டுகிறவன் ஒரு வீட்டில் அவனாக இருந்தான், ஓட்டல் சமையல்காரன் இன்னொரு வீட்டில். நடந்ததைச் சொல்லிவிட்டு வா, வேறெதுவும் சொல்லாதே என்றேன். அவ்வளவு போதுமாக இருந்தது. அந்த வாரமே எல்லா வீட்டிலும் பூட்டு மாறியது. முடிவெட்டுகிறவன் வீட்டில்தான் கார்டு படுத்துக்கொண்டிருந்தான். அவன் பெட்டி படிக்கட்டுக்கு வந்தது.

பெயிண்டர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "ஊரெல்லாம் அவரு பேர்ல வீடுண்ணே. ஒரு வீட்லயும் அவருக்கு எடமில்ல."

ஒரு தடவை கார்டைப் பையில் போட்டுக்கொண்டு பெரிய ரோட்டில் நடந்தேன். பஸ் நிலையத்தில் போலீஸ்காரன் கையை நீட்டினான். கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். இத்தனை வருஷம் நான் சந்து சந்தாக ஓடியது இந்த நீட்டிய கைக்குப் பயந்துதான். சந்தோஷம் ஒன்றும் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து படுத்தேன். கார்டுக்கும் முடியும் தேதி என்று ஒன்று இருக்கிறது. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அவன் வந்தது ஒரு மதியம். அக்கா கொட்டகையிலிருந்து வந்து தலைமுடியை அவிழ்த்துச் செதிலை உதறிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் இருந்தேன். இப்போதெல்லாம் எனக்குத் தூக்கம் மெல்லியது. கதவு தட்டப்பட்டது. ஒற்றை விரலால், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"மச்சான்."

"தம்பிக்கு மச்சான் நெறைய பேரு. பேரைச் சொல்லு."

கதவுக்கடியில் அவன் காலணி தெரிந்தது. விளிம்பெல்லாம் சாக்கடைச் சந்தின் கறுப்புச் சேறு. அந்தச் சந்து எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

"பேரு இல்லையா?" என்றாள் அக்கா, கொஞ்சம் உரக்க.

கீழே கடையின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. வீட்டுக்காரம்மா அவன் பெயரைச் சொல்லி மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள். "மேல யாருப்பா வந்திருக்கா?"

காலணிகள் ஒரு அங்குலம் நகர்ந்தன. வாய்வரை வந்த பதிலை அவன் விழுங்கினான் என்று நினைக்கிறேன். இவ்வளவு வருஷப் பழக்கம், கூப்பிட்டால் வாய் தானாகத் திறக்கும்தானே.

"யாருமில்லம்மா" என்று நான் பதில் சொன்னேன்.

கீழே கதவு சாத்தும்வரை அவன் மூச்சுவிடவில்லை. பிறகு கதவு இடுக்கில் வாயை வைத்து, "மாப்ள, ஒரு நாளைக்குக் குடு. ஒரே ஒரு நாள். ஒரு ரூம் பாத்து வெச்சிருக்கேன், கார்டு கேக்குறாங்க. சாயங்காலம் கொண்டாந்து குடுத்துடறேன்" என்றான். "சத்தியமா. படுக்க எடமில்லடா."

"அக்காகிட்ட கேளு" என்றேன். "தாழ்ப்பாள் அவ கையில."

அக்கா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வாசல் கதவின் பித்தளைத் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள், முழுதாக ஏறியிருக்கிறதா என்று.

"குளிச்சிட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் நிக்கச் சொல்லு."

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்தாழ்ப்பாள் விழும் சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும். தண்ணீர் விழத் தொடங்கியது.

அன்று அவள் தலைக்குக் குளிக்கிற நாள்.